நேர்ந்துவிட்ட சேவல்

முடிச்சூரில் துரைராஜ் வீட்டுக் கொல்லைக்குள் போக வேண்டுமென்றால் கையில் ஒரு முறமாவது இருக்க வேண்டும். சிலிண்டர் கொண்டுவருகிறவன் வாசலிலேயே இறக்கிவிட்டு, "நீங்களே உருட்டிக்கினு போங்க சார்" என்று கும்பிடு போட்டுவிடுவான். எல்லாம் ஒரு சேவலால் வந்தது. செக்கச் சிவந்த இறகு, காலில் விரல் நீளத்துக்கு முள். கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு அது பக்கவாட்டில் நடந்து வந்தால், அடுத்தது பாய்ச்சல்தான். அதை வளர்த்தவளோ துரைராஜின் மனைவி கிளியம்மாள், யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாதவள். இவள் கையிலா இப்படியொரு ஜென்மம் வளர்ந்தது என்று கேட்காத ஆளில்லை.

கிளியம்மாள் சேலையூரில் பிறந்து முடிச்சூருக்கு வாழ வந்தவள். வந்த நாள் முதல் நாற்று நட்டாள், களை பறித்தாள், நெல் அவித்தாள். எண்பத்தைந்து வாக்கில் வயல்களில் வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்தார்கள். துரைராஜும் விற்றார், விற்ற கையோடு மெயின் ரோட்டில் சிமெண்ட் கடை போட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கிளியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. கொல்லையில் கோழி வளர்க்க ஆரம்பித்தாள்.

ஒரே பெண், கனகவல்லி. பி.காம். முடித்து, சானடோரியத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். அந்தக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் சவுரிமுத்து. பள்ளிக்கரணைக்காரன், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், நல்ல பையன். நல்ல பையனாக இருந்து என்ன? தொண்ணூற்றொன்றில் இருவரும் ரெஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்ட அன்று சாயங்காலம் துரைராஜ் கிணற்றடியில் நின்று குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். "இனிமே அவ காலு இந்த வூட்ல படக்கூடாது" என்றார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். மறுநாள் காலையில் நேரே ஏரிக்கரை எல்லையம்மனிடம் போனாள்.

"தாயே, அவ காலு இந்த வூட்ல படணும். பட்டுச்சுன்னா உனுக்கு ஒரு சேவல் உடறேன்" என்றாள்.

புருஷன் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வேண்டுதலை நிறைவேற்றும் வரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம். அதையும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அடை வைத்த முட்டையில் பொரிந்த சிவப்புக் குஞ்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காலில் மஞ்சள் துணி கட்டினாள். என்னவென்று துரைராஜ் கேட்டார். அந்த வருஷம்தான் அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்க ஒடம்புக்குத்தான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "எனுக்கு எதுக்குடி கோழியும் குஞ்சும்" என்று முறைத்தார் மனுஷன். ஆனால் தன் பெயரில் சேவல் நேர்ந்திருக்கிறாள் என்று கடைக்கு வந்த ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்தார்.

மற்ற குஞ்சுகள் தாயோடு மேய்ந்தன. இது கிளியம்மாளின் மடியில் வளர்ந்தது. அரிசி நொய்யும் கருவாட்டுத் தலையும் கையாலேயே ஊட்டினாள். அம்மனுக்கு நேர்ந்தது என்பதால் யாரும் அதை விரட்டவில்லை, ஒரு குச்சியைக்கூட ஓங்கவில்லை. கையில் வளர்கிற சேவலுக்கு மனுஷன் மேல் இருக்கிற பயம் விட்டுப்போகும். பயம் விட்டுப்போன சேவல் மனுஷனையும் இன்னொரு சேவலாகத்தான் பார்க்கும். இதைக் கோழி வளர்க்கிற எந்தப் பொம்பளையும் சொல்வாள், கிளியம்மாளுக்கும் தெரியும். தெரிந்தும் செல்லம் கொடுத்தாள். பெண் இல்லாத வீட்டில் வேறு யாருக்குக் கொடுப்பாள்?

முள் முளைத்ததும் சேட்டை தொடங்கியது. கிளியம்மாள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அது பாய்ந்தால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. முறத்தை முன்னால் பிடித்து நின்றால் இரண்டு மோது மோதிவிட்டுப் போய்விடும். ரொம்ப மீறினால் லபக்கென்று பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையாலேயே பாத்திரம் துலக்குவாள். கொஞ்ச நேரத்தில் அது கண்ணை மூடிக்கொள்ளும். யாராவது வந்தால் கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிடுவாள்.

பக்கத்து வீட்டு ஜெயக்கொடிக்கு இரண்டு முறை காலில் ரத்தம் வந்தது. "யக்கா, பேஜாரா கீதுக்கா. அறுக்க மாட்டேன்னா அந்த முள்ளையாவது சீவி உடேன். நான் புடிச்சுக்கிறேன், நீ சீவு" என்றாள்.

"அம்மனுக்கு உட்டதுடி. கொறையோட குடுக்கக் கூடாது."

துரைராஜையே ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. சர்க்கரைப் புண், ஆற மாதக்கணக்கானது. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கல்லெடுத்த ஆளைத் தடுத்தார். "டேய், அது மேல கை வைக்காத. என் உசுரு அதுல கீது." அதைக் கேட்டு உள்ளே கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

தொண்ணூற்று மூன்று தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். மிளகாய் அரைக்க மிஷினுக்குப் போனாள் கிளியம்மாள். சேவலைத் திறந்துவிட்டுத்தான் போனாள், கொல்லைக்குக் காவலாக இருக்கட்டும் என்று. அந்த நேரம் பார்த்துக் கனகவல்லி வந்தாள். அப்பா கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைச் சந்துக்குள் திருப்பி, சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வருகிற மாதிரியே பின்பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அம்மாவிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மிளகாய்த்தூள் வாளியோடு கிளியம்மாள் திரும்பியபோது, ஜெயக்கொடி விளக்குமாற்றை வைத்துச் சேவலை மூலையில் மடக்கியிருந்தாள். கனகவல்லி துவைக்கிற கல்லில் சாய்ந்து நின்றாள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், நீளமாக ஒரு கிழிசல். பிள்ளையை மறைத்த அவள் கையெல்லாம் ரத்தம்.

"கண்ணு தப்பிச்சுது, கண்ணு தப்பிச்சுது" என்று ஜெயக்கொடி அரற்றிக்கொண்டிருந்தாள்.

"கனகா" என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள் கிளியம்மாள்.

கனகவல்லி குழந்தையைக் கொடுக்கவில்லை. "இத்தனை பேரைக் குத்தியிருக்காமே. ஏம்மா இதை விட்டு வச்சிருக்க?"

"வேண்டுதல் கோழிடி..."

"யாருக்கு வேண்டுதல்?"

கிளியம்மாளுக்கு அம்மா வீட்டு வழக்கம்தான் ஞாபகம் வந்தது. சொன்னால் பலிக்காது. இதோ பெண் எதிரில் நிற்கிறாள், அந்தக் காலடி இந்த மண்ணில்தான் இருக்கிறது, இன்னும் என்ன பலிக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. பாழாய்ப்போன ஜெயக்கொடி உதவிக்கு வந்தாள். "உங்கப்பாவுக்குத்தாம்மா. அவுரு ஒடம்பு நல்லா இருக்கணும்னு."

கனகவல்லி அம்மா பக்கம் திரும்பினாள். "அவருக்காகவா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். குழந்தையின் கன்னத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு வந்த வழியே ஆட்டோவில் ஏறினாள். கிளியம்மாள் சந்து முனை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினாள்.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கரணைக்குப் போய் உள்ளதைச் சொல்லத்தான் செய்தாள். கனகவல்லி காபி கொடுத்தாள், தையல் போட்ட பிள்ளையை மடியில் வைத்தாள், "விடும்மா" என்றாள். நம்பினாளா என்று தெரியாது. முடிச்சூர் வீட்டுக்கு மறுபடி அவள் வரவேயில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளியம்மாள் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். தினமும் பாத்திரம் துலக்கும்போது இருக்கிற மாதிரியே அது கண்ணை மூடிக்கொண்டு வந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது தலையைச் சிலுப்பியது. "உத்தரவு ஆயிடுச்சும்மா" என்றார்.

"நீ சொன்ன சொல்ல காப்பாத்திட்ட, தாயே" என்றாள் கிளியம்மாள், எல்லையம்மனிடம். "எனுக்குத்தான் கேக்கத் தெரியல. கால் படணும்னு கேட்டேன். இருக்கணும்னு கேக்கலையே."

மத்தியானம் அந்தச் சேவலையே குழம்பு வைத்தாள். பெண் வந்துபோனது துரைராஜுக்குத் தெரியாது. ஜெயக்கொடி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவர் காலை நீட்டி உட்கார்ந்து, எலும்பைக் கடித்து உறிஞ்சி, நிறைவாகச் சாப்பிட்டார்.

"இன்னாடி, வேண்டுதல முடிச்சிட்ட? அப்ப பலிச்சிடுச்சா?"

"பலிச்சிடுச்சுங்க" என்று சொல்லி, கிளியம்மாள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.