யார் தட்டினாலும் திறக்கக் கூடாது

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பாதுகாப்பு அதிகாரி. பிறகு அதே வளாகத்தில் அவசரகால ஏற்பாடுகளுக்குப் பொறுப்பு. ஊரில் என் மாமியார் இதை ‘ஆஸ்திரேலியா போலீஸ்’ என்று அறிவித்திருக்கிறார். என் மனைவி ‘வாட்ச்மேன்’ என்கிறாள். உண்மை இரண்டுக்கும் நடுவில், மனைவி பக்கம் கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. துப்பாக்கி கிடையாது. ஒரு டார்ச், ஒரு வாக்கிடாக்கி, முழங்கால் வலி. நான் சந்தித்த மிகப் பெரிய எதிரி, தண்ணீர் ஊற்றாமல் மைக்ரோவேவில் நூடுல்ஸ் வைக்கும் விடுதி மாணவன். அவன் புண்ணியத்தில் மொத்தக் கட்டடமும் காலியாகும், தீயணைப்பு வண்டி வரும், அவன் மட்டும் காதில் ஹெட்போனோடு அறைக்குள்ளேயே இருப்பான்.

மனிதனின் அச்சத்தைப் பற்றித் தடித்தடியாகத் தத்துவ நூல்கள் படித்தவன் நான். அபாயமணி அடித்தால் மனிதன் முதலில் தேடுவது போன் சார்ஜரை என்று ஒருவரும் அவற்றில் எழுதவில்லை.

இந்தப் பெருமைகளோடுதான் டார்னெய்ட் புறநகரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என் மகளைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். பள்ளியை நடத்துபவர் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, அவர்கள் உச்சரிப்பில் ‘அன்ரி’, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. முதலில் தன் வீட்டுக் கராஜில் காருக்குப் பக்கத்தில் நடத்தினார். பிறகு ஒரு தேவாலய மண்டபத்தில். அங்கே யாராவது இறந்துபோனால் அன்றைக்கு வகுப்பு இல்லை. இப்போதுதான் ஒரு அரசுப் பள்ளியின் அறைகள் சனிக்கிழமைகளில் வாடகைக்குக் கிடைத்திருந்தன. சுவரில் ஒழுங்கான பலகை, பிள்ளைகளுக்கேற்ற உயரத்தில் மேசை.

அந்த வருடம் புது நிபந்தனை வந்தது. அறைகளை வாடகைக்கு எடுப்பவர்கள் லாக்டவுன் ஒத்திகையை ஒழுங்காகச் செய்துகாட்ட வேண்டும். ஆபத்தான ஆள் யாராவது வளாகத்துக்குள் வந்துவிட்டால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளை மேசைக்கடியில் சத்தமில்லாமல் உட்காரவைப்பது. தவறினால் அடுத்த வருடம் அறைகள் ஒரு கராத்தே வகுப்புக்குப் போய்விடும். திரும்பிப் போகக் கராஜும் இல்லை. அதில் அன்ரியின் மகன் உடற்பயிற்சி இயந்திரங்களை நிரப்பிவிட்டான்.

“தம்பி, நீங்கள் பொலிஸ்தானே?” என்றார் அன்ரி.

நான் மறுக்கவில்லை.

முதல் ஒத்திகைக்கு அந்த அரசுப் பள்ளியின் மேலாளரே வந்திருந்தார். மெலிந்த வெள்ளைக்காரர், சிரிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற முகம். ஒத்திகையை நடத்துவதும் நான், ஆபத்தான ஆளாக வருவதும் நான். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் கதவுகள் பூட்டும் சத்தம் கேட்டது, விளக்குகள் அணைந்தன. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. முதல் அறைக் கதவைத் தட்டினேன்.

கதவு உடனே திறந்தது. அன்ரியேதான்.

“ஓம் தம்பி, வாங்கோ. ஏன் வெளியில நிக்கிறியள், குளிருது.”

“அன்ரி, நான் இப்ப ஆபத்தான ஆளு.”

“அது தெரியும். உள்ளுக்கு வந்து கதிரையில இருங்கோ.”

மேசைக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது: “அன்ரி, ஹீ இஸ் த பேட் கை.”

“பெரியாக்களை அப்பிடிச் சொல்லக் கூடாது” என்றார் அன்ரி.

இரண்டாவது அறையில் இன்னொரு ஆசிரியை, எங்கள் மதுரைக்காரம்மா. அவர் திறக்கவில்லை, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, “யாருங்க?” என்றார். நான் என்று சொன்னேன். திறந்து, “ஐயோ, நீங்களா சார், சாப்டீங்களா?” என்றார். மேலாளர் நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போகும்போது, இன்னும் ஒரு வாய்ப்புதான் என்றார்.

நம் ஆட்களைப் பயமுறுத்தத் தேவையில்லை, பயம் நிறையவே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்குப் பதுங்குவதைப் பற்றி நான் பாடம் எடுப்பதைவிடச் சிரிப்பான காரியம் வேறில்லை. அவர்களுக்கு வராதது மரியாதைக்குறைவாக நடந்துகொள்வதுதான். தெரிந்தவர் வாசலில் நிற்க, உள்ளே ஆள் இருந்தும் கதவைத் திறக்காமல் விட்டால் அந்தக் கதை நகரின் மறுகோடியிலுள்ள கேரம் டவுன்ஸ் கோயில் வரைக்கும் போகும், அடுத்த திருவிழாவிலும் பேசப்படும். ஆகவே அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆசிரியைகளை உட்காரவைத்து அவமரியாதையில் பயிற்சி கொடுத்தேன்.

“ஆர் வந்தாலுமோ?” என்று கேட்டார் அன்ரி.

“யார் வந்தாலும்.”

“கோயில் ஐயர் வந்தால்?”

“ஐயருக்கும் திறக்கக் கூடாது.”

“சார், சம்பந்தி வந்தா?” என்றார் மதுரைக்காரம்மா.

“சம்பந்திக்கு முக்கியமாத் திறக்கக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மயங்கி, இருபது வருட அனுபவத்தின் கனத்தோடு சொன்னேன்: “நானே வந்து, எல்லாம் முடிஞ்சுது, திறங்கன்னு கெஞ்சினாலும் திறக்காதீங்க. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தால்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

இரண்டாவது ஒத்திகை. வேலையிலிருந்து நேராக யூனிஃபார்மோடு போயிருந்தேன். இந்தத் தடவை மேலாளரே கதவுகளைத் தட்டினார். பதில் இல்லை. தன் பெயரைச் சொல்லித் தட்டினார். உள்ளே ஒரு தும்மல்கூட இல்லை. எல்லா அறைகளையும் சுற்றி வந்து தலையாட்டினார். நான் ஒலிபெருக்கியில் ஒத்திகை முடிந்ததென்று அறிவித்துவிட்டு அன்ரியின் அறைக்கு வந்து தட்டினேன்.

“அன்ரி, முடிஞ்சுது. பாஸ். திறங்க.”

ஒன்றுமில்லை.

“அன்ரி, நான்தான்.”

ஒன்றுமில்லை. மேலாளரின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, என்னதான் செய்வேன் என்று பார்த்தார். பக்கத்து ஊரான வெரிபீ பக்கமிருந்து குளிர்காற்று நடைபாதைக்குள் வந்து என் காதைக் கடித்தது. குனிந்து சாவித்துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சினேன். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவளும் அந்த அறைக்குள்தான் இருந்தாள். பெற்ற அப்பனென்று ஒரு முனகல்கூட இல்லை. என் வேலை வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குச் சாட்சியாக நான் வெளியில் குனிந்து நின்றேன்.

கடைசியில் மேலாளர் சாவியைப் போட்டார். பிள்ளைகள் மேசைக்கடியில் இருந்தார்கள். அன்ரி சேலையோடு தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தானாக எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்தேன்.

“என்ன அன்ரி, என் குரல் தெரியலையா?”

“தெரிஞ்சபடியால்தான் திறக்கேல்லை” என்றார், என் கையைப் பிடித்து எழுந்தபடி. “போனமுறை தெரிஞ்ச ஆளுக்குத் திறந்துதானே தோத்தனாங்கள்.”

மேலாளர் அடுத்த வருடமும் அறைகள் உங்களுக்குத்தான் என்றார். அன்ரி ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். எழுந்து நின்று சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, வாயை அதிகம் அசைக்காமல் என்னிடம் தமிழில் சொன்னார்: “மனிசன் நல்ல குணத்தில நிக்கேக்கை பக்கத்து அறையையும் கேளுங்கோ. பெரியாக்கள் வகுப்பு ஒண்டு தொடங்கலாம்.”

கேட்டேன். அதற்குத் தனியாக இன்னொரு ஒத்திகை வேண்டும் என்றார் மேலாளர்.

“ஓம், செய்வம்” என்றார் அன்ரி. “ஆனால் தம்பி, அதுக்கு வேற ஆரையாவது வெளியில விடுங்கோ. நீங்கள் கெஞ்சுறதைக் கேக்க ஏலாமல் இருக்கு.”