பாதையில்லா நிலமும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணனைக் கர்த்தர் தம்மிடம் சேர்த்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லாரும் அவரிடம் ஒரு யோசனையாவது கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு அவராகவே சொல்லியிருப்பார். ஒரே தங்கை என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அண்ணனே நம்பமாட்டார்.

தோவாளைப் பக்கம் ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்த எங்கள் தகப்பனார், அண்ணன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே தவறிப்போனார். குடும்பம் அண்ணன் தலையில் விழுந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஊரில் பலரும் தாள் நட்சத்திரம் செய்து விற்றார்கள். மழையில் எல்லார் நட்சத்திரமும் ஊறிக் கிழிந்து தொங்கியபோது அண்ணன் செய்தவை மட்டும் விளக்கோடு ஆடிக்கொண்டிருந்தன. தாளின்மேல் மெழுகை உருக்கித் தடவியிருந்தார். அதன்பின் எங்கள் சபையில் யாரும் வேறு நட்சத்திரம் வாங்கவில்லை. மற்றவர்களுக்கு மழை வந்தபின் தெரிவது தனக்கு முன்பே தெரியும் என்ற எண்ணமும் அன்றைக்குத்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

பிறகு வயரிங் வேலை கற்றார். என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். அதன்பிறகே தான் திருமணம் செய்துகொண்டார். மைனி வந்தபோது அவர்கள் பங்காக ஒரு வீட்டு மனையும் வந்தது.

சுனாமிக்கு அடுத்த வருடம். ஆரல்வாய்மொழி சுற்றுவட்டாரத்தில் காற்றாலைக்கு நிலம் வாங்க ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் காற்றடிக்கும் மேட்டு நிலத்தைத் தேட, அண்ணன் பள்ளத்தில் ஒரு காய்ந்த நிலத்தைப் பார்த்துவைத்தார்.

“ஏட்டி, காத்தாடி நட இடம் குடுக்க ஆயிரம் பேரு வருவான். அந்த மேட்டுக்கு லாரி போகணும்னா இந்தப் பள்ளத்து வழியாத்தான் போகணும். பாதையை வச்சிருக்கவன்தான் ராஜா” என்றார் என்னிடம்.

மைனியின் மனையை விற்று அதை வாங்கினார். மைனி ஒன்றே ஒன்று கேட்டார்கள்: “எனக்கு மனை திரும்ப வருமா?” “இதை வித்த அன்னைக்கே” என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

கம்பெனி ஆட்கள் வரத்தான் செய்தார்கள். நல்ல விலை சொன்னார்கள். அண்ணன் பொறுக்கச் சொன்னார். இன்னும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் பொறுக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த நிலத்துக்காரரான செல்லையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். “மக்கா, மழைக்காலத்துல ஓடையைச் சுத்திப் போக முடியல்ல. உன் வரப்போரமா என் ஆட்டைப் பத்திட்டுப் போக ஒரு வழி விடு” என்று கேட்டார். அண்ணன் முடியாது என்றுவிட்டார். அவர் போனபின் என்னிடம், “இன்னைக்கு ஆடு நடந்தா நாளைக்கு அவருக்கு வழிப் பாத்தியம் ஆயிரும். பொறவு கம்பெனிக்காரன் நம்மகிட்ட எதுக்கு வாறான்?” என்றார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

வழி கிடைக்காத கோபத்தில் அண்ணாச்சி தம் நிலத்தைக் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். லாரிப் பாதை அவர் நிலத்தின் வழியாக ஏறியது. அண்ணனின் நிலத்துக்கு ஒருபுறம் ஓடை, மற்ற மூன்று புறமும் கம்பெனியின் வேலி. ஊரார் பாதையில் உட்காரப் போன அண்ணனுக்குத் தன் நிலத்துக்குப் போகப் பாதை இல்லாமல் போனது. நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கம்பெனி வேலை கொடுத்தபோது, அந்த வேலியின் வாசலுக்குக் காவலாளியாக வந்தவர் செல்லையா அண்ணாச்சிதான்.

அதன்பிறகும் வாய்ப்புகள் அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தன. மின்வெட்டு வீட்டைப் படுத்திய வருடங்களில், இத்தனை காற்றாடிக்கு நடுவே விசிறியில்லாமல் வேர்த்துக்கொண்டு, “இன்வெர்ட்டர் கடை போட்டா இப்ப தூள் பறக்கும்” என்றார். போட முதல் இல்லை. வேறொருவர் போட்டார், தூளும் பறந்தது. அந்தக் கடைக்கே அண்ணன் வயரிங் செய்துகொடுத்தார். “வாய்ப்பு வாசல்ல வந்து கூப்பிடுது மக்கா. எனக்கு எழும்ப முடியல்ல” என்றார். மைனி குத்திக்காட்டியதே இல்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். கம்பெனி வாசலுக்கு எதிரே சாலையோரம் நின்று நிலத்தைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். இரும்புக் கதவில் சங்கிலி சுற்றியிருக்கும். உள்ளே செல்லையா அண்ணாச்சி நாற்காலியில் இருப்பார். நிலத்தை வாங்க வந்த ஓரிருவரையும் அண்ணன் அங்கேதான் நிறுத்திக் காட்டினார். ரோட்டில் நின்று பார்த்து யார் வாங்குவார்கள்?

இருதயம் பலவீனமாகி, மருத்துவர் வண்டி ஓட்டக்கூடாது என்றபின் ஒரு ஞாயிறு என்னோடு ஆட்டோவில் வந்தார். ஆடிக் காற்றில் நிற்கவே சிரமப்பட்டார். அதைப் பார்த்த செல்லையா அண்ணாச்சி எழுந்து வந்து, சங்கிலியை ஒரு கையால் உருவிக் கதவைத் தள்ளினார்.

“ஏலே, எத்தனை வருசமா வெளியிலயே நின்னுட்டுப் போற? இதுல பூட்டு எங்க கெடக்கு? காத்துக்கு ஆடாம இருக்கச் சங்கிலியைச் சுத்திப் போட்டிருக்கு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை உள்ள விட்டிருக்க மாட்டேனா?”

அண்ணன் என் தோளைப் பிடித்தபடி உள்ளே நடந்தார். தன் நிலத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். திரும்பும்போது அண்ணாச்சியிடம், “உங்க ஆட்டை இங்க மேய விடுங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் எங்களைவிட்டுப் போய்விட்டார்.

நிலம் இன்னும் விற்கவில்லை. மைனியின் மனை திரும்ப வரவும் இல்லை. அண்ணாச்சியின் ஆடுகள் மட்டும் அங்கே மேய்கின்றன.

அண்ணனின் நோய்ப்படுக்கையில் துணை நின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த வயரிங் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. செல்லையா அண்ணாச்சிக்கும்தான். அடக்கத்தன்று எல்லாரும் உள்ளே இருக்க, அவர் எங்கள் வீட்டு வெளிவாசலில் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நெடுநேரம் நின்றிருக்கிறார். அண்ணனின் தலைமாட்டில் இருந்த மைனிதான் கண்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்கள்.

“கதவைப் பூட்டல்ல அண்ணாச்சி. உள்ள வாங்க.”