யோகமலர் அக்கா கேட்ட அமைதி

“பிள்ளை, ஐயா இங்கிலீசில சொன்னதைத்தானே நீ தமிழில சொன்னனீ?” என்று யோகமலர் அக்கா கேட்டார்.

“ஓம் அக்கா.”

“என்ர மனுசன் உயிரோட திரும்பி வருவார் எண்டு?”

“ஓம். அப்படித்தான் சொன்னவர்.”

“அப்ப ஏன் பிள்ளை எனக்கு நெஞ்சு ஆறேல்ல?”

வெளியூரிலிருந்து வந்த போதகரின் இங்கிலீசுப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்வது சபையில் என் வேலை. அக்கா உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். “பார், தட்டித் தட்டிச் சிவந்து போச்சு. அந்த மனுசன் வந்தா, ‘ஆரிட்ட அடி வாங்கினனீ’ எண்டுதான் முதல்ல கேக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சபை மண்டபத்துக்குள் இன்னும் டிரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவருடைய கணவர் தங்கத்துரை திருகோணமலையிலிருந்து கடலுக்குப் போய் அன்றோடு ஒன்பது நாள். படகு மட்டும் வெருகலுக்கு அண்மையில் கவிழ்ந்தபடி கிடைத்திருந்தது. அக்கா வீட்டில் பாடசாலைச் சீருடை தைப்பவர். பிள்ளைகள் இல்லை. அந்த மனிதர்தான் எல்லாம்.

எங்கள் சபையில் முன்சாட்சி என்று ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைப்பதற்கு முன்பே மேடையேறி, கிடைத்துவிட்டதாக நன்றி சொல்ல வேண்டும். ஞாயிறு தோறும் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். “வருகிறார்” என்று அவர் சொன்னதும் சனம் எழும்பிக் குதிக்கும். செத்தவர்களுக்கு வைக்கும் முப்பத்தோராம் நாள் ஜெபத்தை வைக்கலாமா என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார். அது அவிசுவாசம் என்றார் போதகர்.

பன்னிரண்டாம் ஞாயிறு அக்கா மைக்கை வாங்கினார். “என்னை அழ விடுங்கோ” என்றார். வழிந்தது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்த டிரம்காரர் இன்னும் பலமாக அடிக்கத் தொடங்கினார். மண்டபமே கைதட்டியது.

அதன் பிறகு அக்கா சபைக்கு வரவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய சிறு கோயிலில் புதன் மத்தியானம் ஜெபம் நடக்கும். நாலைந்து பேர்தான். குருவானவர் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அக்கா அங்கே போகத் தொடங்கினார். முதல்நாள் நானும் கூடப் போனேன். ஜெபம் முடியும்வரை அழுதார். யாரும் தலையில் கை வைக்கவில்லை, காரணம் கேட்கவில்லை. வெளியே வந்து, சட்டையில் ஒட்டியிருந்த நூல்துண்டுகளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “இஞ்ச கர்த்தர் என்னட்ட ஒண்டும் கேக்கிறாரில்ல, பிள்ளை.”

இரண்டு வருடம் புதன்கிழமை தவறாமல் போனார். போன மாசம் ஆஸ்பத்திரியில், நெஞ்சு வருத்தத்தால் இறந்துபோனார்.

கிளிவெட்டியிலிருந்து வந்த அவருடைய அண்ணன் சின்னராசாவுக்கு எங்கள் சபையை மட்டும்தான் தெரியும். அவர்களுக்கே அறிவித்துவிட்டார். நான் போய்ச் சேரும்போது அக்கா வீட்டு முற்றத்தில் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. வெளியூர்ப் போதகர் இங்கிலீசில் பேச எழும்பினார். என் கையில் மைக்கைத் தந்தார்கள். வெற்றி என்றார், வெற்றி என்றேன். கொண்டாடுங்கள் என்றார், அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. பெட்டியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

அதற்கு முன் ஒரு புதன்கிழமை, அந்தச் சிறு கோயிலின் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தபடி அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்ர செத்தவீட்டில நீ ஒரு சங்கீதம் வாசி, பிள்ளை. மைக் வேண்டாம். வாசிச்சு முடிஞ்ச உடன ஆரையும் பாட விடாத. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருக்கட்டும்.”