பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மஸ்கட்

நான் மஸ்கட்டில் இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த மாதங்களில் நான் இருந்தது, பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓட்டுவீட்டில். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். எனக்கு இன்றுவரை பாஸ்போர்ட் கிடையாது. இதை எழுதும்போதே காது சூடாகிறது.

குடியை நிறுத்துவதற்காக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். கை நடுக்கம் நின்றதும், நேரே வீட்டுக்குப் போனால் அதே கடை, அதே கூட்டாளிகள் என்று டாக்டர் இந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழ்ந்து, குடிக்காமல் இருக்கப் பழகுகிற வீடு. முறை வைத்துச் சமைப்போம், முற்றம் பெருக்குவோம், சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு மனதில் ஓடியதைச் சொல்லுவோம். வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே ஒரு சின்ன மிஷினில் ஊதிக் காட்ட வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொண்டவரும் ஒரு காலத்தில் குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர்தான். அவரை எல்லோரும் அண்ணன் என்போம். குடிக்கக் கூடாது என்பதற்கும் முன்னால் அவர் வைத்திருந்த சட்டம், பொய் சொல்லக் கூடாது என்பது.

அந்தச் சட்டத்தைத்தான் நான் தினமும் மீறிக்கொண்டிருந்தேன். மனைவியின் தங்கைக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த மருமகன் இப்படி ஒரு வீட்டில் கிடக்கிறான் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மனைவி பயந்தாள். எங்கள் பக்கம் ஒருவன் திடீரென்று காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள். கல்ஃபுக்குப் போயிருப்பான் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அவள் மஸ்கட் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவைத்தாள், மீதியை எங்கள் சர்ச் சபைக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கும்போது வீடியோ காலில் கூப்பிடுவாள். ஜன்னல் வழியே ரப்பர் மரம் தெரிந்துவிடக் கூடாது என்று நான் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்பேன். அங்கே வெயில் எப்படி என்று மாமனார் கேட்பார். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும். கொளுத்துகிறது மாமா என்று சத்தமாகச் சொல்லுவேன். என்னோடு இருந்த மண்டைக்காட்டுப் பக்கத்துக் கடல்காரர் ஒருவர் நிஜமாகவே கல்ஃபில் போட்டில் வேலை பார்த்தவர். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், வெள்ளிக்கிழமைதான் லீவு என்று எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். ஒருநாள் எங்கள் சபைப் பெண்கள் அணை பார்க்க வேன் எடுத்து வந்திருந்தார்கள். நான் குலசேகரம் சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன். வேன் போகிறவரைக்கும், காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், சபையில் காணிக்கைப் பை பிடித்தவன், புடலங்காயோடு ஒளிந்திருந்தேன்.

ஆனால் என்னை உண்மையில் கூசவைப்பது அது இல்லை. எனக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. குடித்த காலத்தில் மத்தியானத்திலிருந்தே கண்ணாடி கிளாஸில் பிராந்தியை ஊற்றி மேஜைமேல் வைத்துக்கொள்வேன். கேட்டால் கட்டன் சாயா என்பேன். பால் ஊற்றாத தேயிலைக்கும் அதற்கும் நிறத்தில் என்ன வித்தியாசம்? மகள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குத்தான் வருவாள். ஒருநாள், ஒரு வாய் தாங்கப்பா என்று கை நீட்டினாள். கைமேல் ஓர் அடி வைத்து விரட்டினேன். பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு வாய் கட்டனுக்கு அப்பா ஏன் அடித்தார் என்பது அவளுக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. விளங்கிவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் ஒருத்திக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது மனைவிக்கு அடுத்தபடி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சம்பந்தம் முடிந்து கல்யாணத் தேதியும் குறித்தார்கள். மஸ்கட்காரன் லீவில் வராமல் முடியுமா? அண்ணனிடம் மைத்துனிக்குக் கல்யாணம் என்று சொல்லி லீவு வாங்கினேன், மஸ்கட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. மனைவி வாடகைக் காரோடு மார்த்தாண்டத்தில் காத்திருந்தாள். பின்சீட்டில் பிரவுன் டேப் சுற்றிய புதுப்பெட்டி. திருவனந்தபுரத்தில் ஃபாரின் சாமான் கடையில் வாங்கிய சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம் எல்லாம் இருந்தன. அடியில் டவலில் சுற்றி ஒரு விஸ்கிக் குப்பியும் இருந்தது. அதை நான் தொட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கல்ஃபுலருந்து வாறவன் குப்பி இல்லாம வருவானா? எங்க அண்ணன் மொதல்ல அதத்தான் கேப்பாவ," என்றாள். "நீங்க தொட வேண்டாம். உங்களுக்குக் கட்டன் போட்டுத் தாறேன். பாத்தா அதே நெறந்தான்."

என் குடியை மறைக்கச் சொன்ன பொய்க்கு ஒரு குப்பி தேவைப்பட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் எல்லாவற்றையும் தலையில் சுமந்தவள் அவள், குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று குப்பியை மறுபடி டவலில் சுற்றி வைத்தேன்.

கல்யாண வீடு நெய்யூர்ப் பக்கம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேலை கொண்டுவந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமனும் இருந்தார். மனைவியின் அண்ணன், என் மச்சான், அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். கொண்டுவந்தவன் கைதான் திறக்க வேண்டும் என்று குப்பியை என்னிடம் நீட்டினார். திறந்தேன். வாடை ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்வானேன். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, மனைவி தந்துவிட்ட கட்டனை எடுத்துக்கொண்டேன். நான் மட்டும் முன்பே ஊற்றிக்கொண்டேன் என்று நினைத்து மச்சான் கேலி செய்தார். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தேன், தொண்டையைச் செருமினேன், கொஞ்ச நேரத்தில் குரலைக்கூட உயர்த்திப் பேசினேன். நடிப்பு அவ்வளவு லேசாக வந்தது.

அப்போதுதான் மகள் பொரித்த கோழித் தட்டோடு மாடி ஏறி வந்தாள். என் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தாள். தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் கிளாஸோடு பின்னாலேயே ஓடினேன். அடுக்களைக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே நின்றாள். இது கட்டன்தான் மக்களே, ஒரு வாய் குடிச்சுப் பாரு என்று நீட்டினேன். அவள் கிளாஸைப் பார்க்கவே இல்லை.

"அப்பவும் கட்டன்னுதானப்பா சொன்னிய," என்றாள்.

மேலேயிருந்து மச்சான், மாப்பிள எங்க போனாரு என்று என்னைத் தேடிக் கூப்பிட்டார். உள்ளே மைத்துனி கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். நான் மேலே போனேன். அந்தக் கட்டனைக் கடைசிச் சொட்டுவரை முகம் சுளித்துக் குடித்தேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மகள் கீழே தனியாக நிற்கும்போது நான் மாடி ஏறினேன் என்பதுதான் நடந்தது.

கல்யாணம் நன்றாக முடிந்தது. திரும்பிப் போனதும் வாசலில் ஊதினேன். மிஷின் பூஜ்யம் காட்டியது. அண்ணன் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் தாங்காமல் அன்று சாயங்காலம் வட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடல்காரர் முதலில் சிரித்தார். மகள் சொன்னதைச் சொன்னதும் அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன்தான் கடைசியில் பேசினார். "குடிக்கல, சரி. குடிகாரன் செய்யிற மத்த எல்லாத்தையும் செஞ்சிட்டு வந்திருக்க மக்கா."

அன்றைக்கே மனைவிக்குப் போன் போட்டு, இனிமேல் மஸ்கட் வேண்டாம், பிள்ளையை இங்கே கூட்டிக்கொண்டு வா என்றேன். பஸ்ஸில் யாராவது பார்த்தால் என்று இழுத்தாள். பார்க்கட்டும் என்றேன். குடும்பத்தார் வந்து பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அன்று அடுக்களை என் முறை. எல்லோருக்கும் கட்டன் போட்டேன். என் கிளாஸை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி நான் சொல்லி ஆவது ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். கொடுத்தேன். மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். சீனி காணாது என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.

இப்போது வீட்டுக்கு வந்து, பழையபடி கடையைத் திறந்திருக்கிறேன். மஸ்கட் கதை ஊரில் ஒருவர்வழி ஒருவராக எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சிலர் முகத்துக்கு நேரே கேட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். மகள் சாயங்காலம் கடைக்கு வருவாள். மேஜைமேல் கட்டன் இருந்தால் கை நீட்டுவாள். ஷீட் கொண்டுவருகிறவர்கள், அப்பா கிளாஸில் குடித்தால்தான் பிள்ளைக்கு இறங்கும் போல என்பார்கள். நானும் சிரிப்பேன். குடிப்பதற்கு முன்னால் அவள் மோந்து பார்ப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.