எங்கள் வாசலில் நின்ற குப்பைத் தொட்டி

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டபோது அப்பா, "அம்மாவோட பொறுமையைப் பத்தி எழுதும்மா" என்றார். பொறுமையா? எங்கள் தெருவில் குடியிருந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த அம்மாவையே எழுதுகிறேன். உறவினர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மா போளூருக்கு அருகே ஒரு சிற்றூரில், மணிலாக் கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகி வேலூருக்கு வந்தார். 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது, அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றலானது. செங்கம் சாலையிலிருந்து பிரியும் சிறிய தெரு ஒன்றில், பல வருட வாடகை வாழ்க்கைக்குப் பின், சுவருக்குப் பூச்சுக்கூட முடியாத சொந்த வீட்டில் குடிபுகுந்தோம்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. தெருவே தன் குப்பையை அங்கேதான் கொட்டியது. பௌர்ணமி முடிந்தால் கிரிவலம் வந்தவர்களின் அன்னதான இலைகளும் தண்ணீர் பாக்கெட்டுகளும் அதில் சேர்ந்துகொள்ளும். காற்று அடித்தால் அத்தனையும் எங்கள் கோலத்தின் மேல். மழை வந்தால் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள். ஒரு மழைக்காலத்தில் என் தம்பிக்கு மலேரியா வந்து, பிழைப்பானா என்று நாங்கள் கலங்கிப்போனோம். அவன் எழுந்து உட்கார்ந்த அன்றிலிருந்து அம்மாவுக்குக் குப்பையைத் தவிர வேறு பேச்சே இல்லை.

வீடு வீடாகச் சென்று சொல்லிப் பார்த்தார். எல்லோரும் காபி கொடுத்தார்கள். எல்லோரும் "ஆமாங்க, ரொம்ப மோசம்" என்றார்கள். மறுநாளும் எல்லோரும் அங்கேயே கொட்டினார்கள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை வேங்கிக்காலில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நின்றுவிட்டார். அப்பா வேலை பார்த்ததும் அதே வளாகத்தில்தான். "சார், வெளிய நிக்கறது உங்க வீட்டம்மா மாதிரி இருக்குதே" என்று யாரோ சொல்ல, அப்பா அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. காலி மனையைச் சுத்தம் செய்து, இனி அங்கே கொட்டக்கூடாது என்று சொல்லி, தெருவோரம் ஒரு பெரிய வட்டமான சிமெண்ட் தொட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். தெருவுக்கே மகிழ்ச்சி. ஆனால் தொட்டி யார் வாசலில் நிற்பது? இறக்கிய இடத்திலிருந்து ஒருவர் அடுத்த வீட்டுப் பக்கம் உருட்டினார். அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்கு உருட்டினார். கடைசியில் எதிர் வீட்டு டீச்சர் வாசலுக்கு அது வந்து சேர்ந்தபோது, டீச்சர் போட்ட சத்தம் செங்கம் சாலையில் இருக்கும் ஆசிரமம் வரை கேட்டிருக்கும். அம்மா வெளியே வந்து, "போதும். எங்க வாசல்லயே இருக்கட்டும்" என்றார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருடம் கார்த்திகை தீபம் முடிந்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆற்காட்டிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தீபம் முடிந்ததிலிருந்து குப்பை அள்ளும் டிராக்டர் எங்கள் பக்கமே வரவில்லை. அம்மா போய்க் கேட்டதற்கு, "இருக்கற வண்டியெல்லாம் கிரிவலப் பாதையில நிக்குதும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார்களாம். "நாங்க பொறுத்துக்குவோம் சார், குப்பை பொறுத்துக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தார் அம்மா. கேட்டு என்ன பயன்? மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையில், டீச்சர் வீட்டு விசேஷத்தில் சாப்பிட்ட இலைகளையும் யாரோ கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார், காபியைத் தொடவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

அப்பாவும் தம்பியும் அன்று மாலையே தொட்டியை எதிர் வீட்டுக்கு உருட்டக் கிளம்பினார்கள். அம்மா குறுக்கே போய் நின்றார்.

"நவுரு. இப்பவாவது புத்தி வரட்டும் அவங்களுக்கு" என்று அப்பா கத்தினார்.

"அங்க தள்ளிட்டா? அவங்க வீட்லயும் பொண்ணு இருக்குதுங்க."

கேட்டருகே நின்றிருந்த டீச்சர் அதைக் கேட்டார். உடனே உள்ளே போய்விட்டார். நான் அழுது ஓய்ந்த கண்களோடு எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றிருந்தேன். பெற்ற மகளைவிட எதிர் வீட்டுப் பெண்ணா பெரிது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சொல்வதற்கென்ன, இதை எழுதும்போதுகூட அது முழுதாகத் தணிந்துவிடவில்லை.

இதோடு முடிந்ததா? தை மாதம் டீச்சரின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மா எங்கிருந்தோ ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துவந்து தொட்டியைக் காலி செய்ய வைத்தார். பிளீச்சிங் பவுடர் டப்பாவை என் கையில் கொடுத்து, "சுத்தி தூவு" என்றார்.

"எனக்குத் தூவினியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "உனக்குச் செய்யத் தெரியலடி. அன்னிக்கு டிராக்டர் வரும் வரும்னே பார்த்துக்கினு இருந்துட்டேன். இனிமே எதுக்கும் பார்த்துக்கினு இருக்க மாட்டேன்" என்றார்.

நான் தூவினேன். டீச்சர் மகளுக்கு அந்தச் சம்பந்தம் முடிவானது. திருமண அழைப்பு கொடுக்க வந்த டீச்சர் தட்டை நீட்டிக்கொண்டே அழுதுவிட்டார்.

அதன் பின் தெருவில் நடந்ததற்குப் பாதிக் காரணம் டீச்சர். அம்மா சொன்னால் காபி கொடுத்து அனுப்பியவர்கள், டீச்சர் அதட்டினால் பயந்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பெண்கள் துடைப்பமும் கூடையுமாக இறங்குவது வழக்கமாயிற்று. ஆண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவின் வாய்க்குப் பயந்து பிறகு மண்வெட்டியோடு வந்தார்கள். சில வருடங்களில் தள்ளுவண்டியும் விசிலுமாக வீட்டுக்கே வந்து குப்பை வாங்கும் ஏற்பாடு வந்தது. தொட்டியை எடுத்துப் போனார்கள். அதற்குள் எனக்கும் செய்யாற்றில் நல்ல குடும்பம் அமைந்திருந்தது.

கடைசி மாதங்களில் சிறுநீரகக் கோளாறால் அம்மா மிகவும் சிரமப்பட்டார். மருத்துவமனையில்கூட, சாப்பிட்ட பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிந்த பக்கத்துக் கட்டில்காரரின் மகனை, "கீழ போறவன் தலையில விழட்டும்னா?" என்று எழுந்து உட்கார்ந்து திட்டினார். அதற்காகவாவது எழுந்து உட்கார்ந்தாரே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்கடுத்த வாரம், அப்பாவின் கையைப் பிடித்தபடியே அடங்கிவிட்டார்.

அம்மாவின் இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், சிகிச்சையின்போது துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும், எங்கள் தெருவுக்கு நாள்தோறும் வந்துபோகும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆண்கள் போன பின், தெரு முழுக்கப் பிய்த்தெறிந்த சாமந்தியும் பொரியும் பட்டாசுக் காகிதமும் கிடந்தன. வீட்டைக் கழுவிவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது டீச்சர் துடைப்பத்தோடு செங்கம் சாலை முனை வரைக்கும் போயிருந்தார். மூட்டு வலியால் நடக்கவே முடியாதவர்.

ஓடிப்போய், "விடுங்க டீச்சர், காலையில குப்பை வண்டி வந்துடும்" என்றேன்.

டீச்சர் நிமிரவில்லை. "உங்கம்மா போன வழிடி இது. காலையில வரைக்கும் இப்படியா போட்டு வைக்கறது?" என்றார்.