மாத்திரையை நிறுத்தச் சொல்லாத கரீம் பாய்

கரீம் பாய் மறைந்த செய்தி, ஐப்பசி மாதத்து இரண்டாம் வெள்ளியன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எனக்குக் கிடைத்தது. தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மகள். ஆம்பூர் கடைவீதியில் ஒட்டியிருக்கும் சுவரொட்டி, மறைந்த நாள் வெள்ளி என்கிறது. அது தவறு. அவர் உயிர் பிரிந்தது வியாழன் மாலை, அந்திநேர மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் முன்பு. ஆங்கிலக் கணக்கிலும், அந்தியில் நாள் மாறும் பிறைக் கணக்கிலும் அது வியாழனே. அவரை அறிந்தவர்கள் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் அக்குபங்சர் சிகிச்சையாளர். அதற்கு முன்பு, நான் பணியாற்றிய தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பிரிப்பவர். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். மேசைமேல் விரித்த தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, அது எந்த அடுக்குக்கு உரியது என்று சொல்லிவிடுவார். நான் கப்பல் ஆவணங்களைப் பார்த்தேன். தேதி ஒரு நாள் பிசகினாலும் வங்கி திருப்பி அனுப்பிவிடும் வேலை அது. நிறுவனம் மூடப்பட்டபின் அவர் அக்குபங்சரை முறையாகப் படித்து, ரயில் நிலையத்தருகே ஓர் அறை எடுத்தார்.

ஓய்வுபெற்ற இரண்டாம் ஆண்டு, மாசி மாதத்தில், எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு மண்ணாக இருந்தது. என் கையெழுத்தைப் போடவே கால்மணி நேரம் தயங்கினேன். மனைவி கமலா பாகாயத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். மனச்சோர்வு என்றார், மாத்திரை தந்தார். அக்கம்பக்கத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிவைத்தேன். மாத்திரை தொடங்கிய நான்காம் வாரத்தில் பாயிடம் போனேன்.

"டாக்டருக்குத் தெரியுமா சார்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. தெரியாது என்றேன். ஊசிப் பெட்டியை மூடிவிட்டார். "போய் சொல்லிட்டு வாங்க. ஊசி எங்கயும் ஓடிப்போவாது."

மருத்துவர் மறுக்கவில்லை, மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். அதன்பிறகே மணிக்கட்டிலும் காது மடலிலும் மயிரிழை போன்ற ஊசிகள் ஏறின. இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும். இது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "எங்க அக்குபங்சர் ஆளுங்க ஒண்ணு சொல்வாங்க, டாக்டருங்க வேற சொல்வாங்க. நான் பார்த்தது இவ்ளோதான் சார். உள்ள வரும்போது உங்க தோள் காதுகிட்ட இருக்கு. போகும்போது இறங்கியிருக்கு."

மாத்திரையை விடச் சொல்லாத இந்த வழக்கம் சிலருக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் வலிக்கு வரும் பேரணாம்பட்டு பீடி ஏஜென்ட் ஒருவர், "மாத்திரைய நிறுத்தச் சொல்லாத அக்குபங்சர் இன்னா அக்குபங்சர் பாய்?" என்று சீண்டுவார். "உன் வாயில ஒண்ணு குத்துறேன் வா. பேஜார் கம்மியாவும்" என்பார் பாய்.

ஆடி முதல் திங்களன்று என் நாட்குறிப்பை எடுத்துச் சென்றேன். முதல் ஊசிக்குப் பிறகு தூக்கம் மூன்று மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமானதைக் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். காத்திருந்தவர்கள் முன்னிலையில், மாத்திரையை நிறுத்தி எட்டு நாளாயிற்று என்று அறிவித்தேன். "அப்படிச் சொல்லுங்க சார்!" என்று ஏஜென்ட் கைதட்டினார்.

பாய் கட்டங்களின்மேல் விரலை ஓட்டினார். "மாத்திரை என்னிக்கு ஆரம்பிச்சீங்க?"

"மாசி கடைசித் திங்கள்."

"ஊசி?"

"பங்குனி மூன்றாம் வியாழன்."

"மாத்திரை வேலை செய்ய எத்தனி வாரம் ஆகும்னாரு டாக்டர்?"

"நாலு, ஆறு…"

"இதோ, அஞ்சாவது வாரம்தான் நீங்க தூங்கியிருக்கீங்க. கப்பல் தேதியெல்லாம் பார்த்த ஆளு, இங்க கோட்டை விட்டுட்டீங்களே சார்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஊசி உதவலன்னு சொல்லல. எவ்வளவு உதவுச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் பேர் வாங்கிக்க மாட்டேன்."

ஏஜென்ட் எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. அன்று எனக்கும் ஊசி இல்லை. அறையைப் பூட்டிவிட்டு என்னைப் பாகாயம் பேருந்தில் ஏற்றி, தானும் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகுதான் உண்மையைச் சொன்னேன்: மாத்திரையை நிறுத்தியது கட்டங்களைப் பார்த்தல்ல. மனநோய்க்கு மருந்து தின்பவன் என்ற பெயர் வேண்டாமென்று நிறுத்தினேன். "தெரியும் சார்" என்றார். மருத்துவர் முன் நான் வாய் திறக்கவில்லை. பாய்தான் சொன்னார்.

மாத்திரையை மறுபடி தொடங்கியும், நோய் அதற்குள் முந்திக்கொண்டது. அடுத்த பதினாறு நாட்களை விவரிக்கப்போவதில்லை. கமலா என்னைத் தனியே விடவில்லை என்பது போதும். பாய் நாள்தோறும் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பேசினால் பேசுவார்.

அவர் அடக்கமான மறுவாரம் மூன்று இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. புதனன்று தனியே பாகாயம் புறப்பட்டேன். பேருந்து நிறுத்தத்தில், எதிர்வீட்டுச் செல்வி, "எங்க சார், சுகர் டெஸ்டா?" என்றாள்.

"இல்லம்மா. மனநல மருத்துவரைப் பார்க்க. ரொம்ப வருஷமா அவருகிட்டதான் போறேன்."

 அவள் அருகே வந்து, "எந்தக் கிழமை இருப்பாரு சார்? எங்க அண்ணன் ரெண்டு மாசமா ரூமை விட்டே வர்றதில்ல" என்றாள்.

திங்கள், புதன், வெள்ளி. இப்போதெல்லாம் எட்டரைக்குள் சீட்டுப் போட வேண்டும் என்றேன். வேண்டுமானால் வெள்ளிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன். கரீம் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: உள்ளதைச் சொல்வதும், ஒருவரோடு பேருந்தில் ஏறி உட்காருவதும்.