வடிகாலுக்கு மேலே எடுத்த தண்ணீர்

குடிநீர் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் பாட்டில் அக்கா. திங்கள்கிழமைதோறும் ஆற்றில் ஆறு இடங்களில் பாட்டிலை முக்கி எடுத்து, சோதித்து, கையெழுத்துப் போடுவது வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரு திங்களும் தவறவில்லை. எந்தச் சிபாரிசுக்கும் மசியமாட்டாள் என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாவது இடம் அண்ணன் வயலோரம். தங்கை வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அவர் முதல் வருடமே கரையில் கல்படி கட்டிக் கொடுத்திருந்தார். படி இருந்தது அவர் வயல் வடிகால் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே. தண்ணீர் எடுக்க வேண்டியதோ அதற்குக் கீழே. இருபதடிதானே, அதே ஆறுதானே என்று அவளும் இருந்துவிட்டாள்.

போன வார வெள்ளம் படியை அடித்துக்கொண்டு போயிற்று. இந்தத் திங்கள் சேற்றில் தடுமாறி, வடிகாலுக்குக் கீழே இறங்கி எடுத்தாள். உரத்திலிருந்து வரும் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தொண்ணூற்றிரண்டு காட்டியது. திரும்பச் சோதித்தாள், அதேதான். எல்லாம் அண்ணன் மூட்டை மூட்டையாகக் கொட்டும் யூரியாவும் அவர் மாட்டுக்கொட்டகைக் கழிவும். அந்த வயல் விளைச்சலில்தான் அவள் படித்தாள். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். எழுதினால் அண்ணன் மாட்டுவார். பன்னிரண்டு வருடக் கையெழுத்தும் பொய்யாகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள், எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு. அவளுக்கு மூன்றாவது பக்கம் போனில் வந்தது. அதே ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் குடிக்கும் கீழ்ப்பக்கத்து டவுனில் இருக்கும் மகள்.

"அம்மா, பாப்பாவுக்குப் பவுடர் பால் ஆரம்பிச்சிட்டேன். பைப்புத் தண்ணிதான். பயப்படாதே, இருபது நிமிஷம் கொதிக்க வைக்கிறேன்."

பாட்டில் அக்காவுக்குத் தெரியும். கொதித்தால் கிருமி சாகும், உரம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும். கைக்குழந்தைக்கு உடம்பே நீலம் பாரித்துவிடும்.

"அந்தத் தண்ணி வேணாண்டி. கடையில கேன் வாங்கிக்கோ."

"ஏன்மா? நீதானே நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடுற?"

"கேள்வி கேக்காதே. சொன்னதைச் செய்."

மகள், "சரிம்மா. பக்கத்து வீட்ல ரெட்டைப் புள்ளைங்க, ரெண்டுக்கும் புட்டிப்பால்தான். அவங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்றாள்.

மேசைமேல் ரிப்போர்ட்டில் ஐந்தாவது கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் பாட்டில் அக்கா.